ஆய்வுக்குக் காலக்கெடு வைக்கலாமா?

தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசை கட்டி நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் வெள்ளை அரிசிச் சாக்குகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயன்படும் சிரிஞ்சு, வயலுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் கறுப்புக் குழாய் ஆகிய எல்லாவற்றுக்கும் வேதியியலில் ஒரே பூர்வீகம் உண்டு. 1953 அக்டோபரில், ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியிலுள்ள மூல்ஹைம் நகரில், கார்ல் சீக்லர் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில், எத்திலீன் வாயு ஒரு வினையூக்கியின் உதவியால் சாதாரண அழுத்தத்திலேயே கெட்டியான பிளாஸ்டிக்காக மாறியது. அந்த வினையூக்கியின் வழிவந்தவைதான் இன்று உலகில் தயாராகும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றில் பெரும் பங்கை உருவாக்குகின்றன. இந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பாதையில் வந்தது என்பதை, இந்தியாவில் ஆய்வு நிதியைப் பங்கிடும் பொறுப்பில் இருப்பவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். சீக்லர் பிளாஸ்டிக்கைத் தேடிப் புறப்படவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேறு கேள்விகளின் பின்னால் போனவர். மூன்றாண்டுத் திட்டம், முன்கூட்டியே எழுதித்தர வேண்டிய பலன், ஆண்டுதோறும் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று இயங்கும் நம் முறையில் அவருடைய ஆய்வு பாதி வழிகூட வந்திருக்காது. தேர்ந்த ஓர் ஆய்வாளருக்கு நீண்ட காலமும் பாதை மாறும் உரிமையும் கொடுப்பதைச் சலுகையாகப் பார்க்கிறோம். உண்மையில் ஒரு நாடு செய்யக்கூடிய சிக்கனமான முதலீடுகளில் அதுவும் ஒன்று.

சீக்லரின் சாதனை எவ்வளவு பெரியது என்பது அதற்கு முந்தைய நிலையைப் பார்த்தால் விளங்கும். எத்திலீன் என்பது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த எளிய மூலக்கூறு. இவற்றை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பாலிஎத்திலீன் கிடைக்கும். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இருவர் எத்திலீனை ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்துக்கு உட்படுத்தியபோது, மெழுகு போன்ற வெள்ளைப் பொருளாக முதன்முதலில் இதைப் பெற்றனர். அந்தக் கடும் அழுத்தத்தைத் தாங்கும் கலன்கள் விலை கூடியவை, ஆபத்தானவை. கிடைத்த சங்கிலியும் நேராக இல்லை. வழியெங்கும் கிளைகள் முளைத்திருந்தன. கிளைகள் இருந்தால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. அதனால் அந்த பிளாஸ்டிக் மிருதுவாக இருந்தது. கொதிநீரின் வெப்பத்திலேயே குழையத் தொடங்கியது. கம்பிகளுக்கு மேலுறையாக அது அருமையான பொருள்; குடமாகவோ குழாயாகவோ நிற்கும் உறுதி அதற்கு இல்லை. கிளையில்லாத நேர்ச்சங்கிலி வேண்டும், அதுவும் குறைந்த அழுத்தத்தில் வேண்டும் என்றால், வாயுவை நசுக்கும் பலத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒவ்வொரு மூலக்கூறையும் சரியான இடத்தில் கொண்டுவந்து இணைக்கும் வினையூக்கி வேண்டும். அப்படிப்பட்ட வினையூக்கி எங்கே கிடைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1898இல் பிறந்த சீக்லர், மார்பர்க் பல்கலைக்கழகத்தில் 1920இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய முதல் கேள்வி, கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஏன் சில சேர்மங்களில் தானாகவே அறுந்து தனி உறுப்புகளாகப் பிரிகிறது என்பது. அன்றைய தொழில்துறைக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தமில்லை. அதற்கு விடை தேட, கார்பனும் உலோகமும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்களை அவர் கையாள வேண்டியிருந்தது. காற்றும் ஈரமும் பட்ட கணமே கெட்டுப்போகும், சில வேளைகளில் தீப்பற்றும் பொருள்கள் அவை. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், லித்தியம் உலோகத்திலிருந்து கரிம லித்தியம் சேர்மங்களை நேரடியாகத் தயாரிக்கும் எளிய வழியை 1930இல் கண்டார். உலகெங்கும் வேதியியல் ஆய்வகங்களில் அது இன்றும் அன்றாடக் கருவி. அதே காலத்தில், மிகவும் நீர்த்த கரைசலில் வினையை நடத்தினால் நீண்ட மூலக்கூறின் இரு முனைகளும் ஒன்றையொன்று பற்றிப் பெரிய வளையமாகும் என்பதையும் காட்டினார். கஸ்தூரியின் மணத்துக்குக் காரணமான மஸ்கோன் அத்தகைய வளையச் சேர்மம். இந்த ஆய்வுகளை ஒரு நிதிக்குழுவின் மேசையில் வரிசையாக வைத்தால், தொடர்பில்லாத தலைப்புகளுக்குத் தாவியவர் என்ற முடிவுக்கே குழு வரும். ஆனால் அடியில் ஓடிய திறமை ஒன்றுதான்: கார்பனும் உலோகமும் சேரும் பிணைப்பு எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்ற ஆழ்ந்த பரிச்சயம். அந்தப் பரிச்சயம் கைக்கும் கண்ணுக்கும் வந்து சேர இரண்டு பத்தாண்டுகள் ஆயின.

1943இல் மூல்ஹைமில் இருந்த கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆய்வு நிறுவனம் அவரை இயக்குநர் பதவிக்கு அழைத்தது. நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஃபிஷர் - டிராப்ஷ் முறை பிறந்த இடம் அது. போர்க்காலத்தில் அப்படிப்பட்ட நிறுவனத்திடம் எதை எதிர்பார்ப்பார்கள் என்பது தெளிவு. சீக்லர் தயங்கினார். நிலக்கரியோடு நேரடித் தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், கார்பன் சேர்மங்களின் வேதியியல் முழுவதிலும் விரும்பியதை ஆராயும் உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பதவியை ஏற்றார். நோபல் உரையில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. அது நாஜி ஆட்சிக்காலம். யூத அறிவியலாளர்கள் பதவி பறிக்கப்பட்டு நாட்டைவிட்டு விரட்டப்பட்ட, லட்சக்கணக்கானோர் முகாம்களில் கொல்லப்பட்ட காலம். ஒருவருக்குக் கிடைத்த ஆய்வுச் சுதந்திரத்தை அந்த ஆட்சியின் பெருமையாக யாரும் எண்ணிவிடக் கூடாது. நிபந்தனையின் பலன் விளைந்ததும் போருக்குப் பிறகு, கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் இடத்தில் மாக்ஸ் பிளாங்க் கழகம் வந்த பின்புதான். நிலக்கரி நிறுவனம் ஒன்று நிலக்கரியைத் தாண்டி யோசிக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது என்பதும், அந்த வாக்கைப் பின்னர் காப்பாற்றியது என்பதும்தான் நம் கவனத்துக்கு உரியவை.

மூல்ஹைமில் சீக்லர் தன் பழைய சேர்மங்களுக்கே திரும்பினார். லித்தியத்தில் தொடங்கிய வேலை அலுமினியத்துக்கு நகர்ந்தது. கரிம அலுமினியச் சேர்மத்தோடு எத்திலீனைச் சேர்த்து, ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தில், 100 வளிமண்டல அழுத்தத்தில் வைத்தால், அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் இடையே எத்திலீன் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நுழைந்து சங்கிலி நீள்வதை அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டனர். இதற்கு வளர்ச்சி வினை என்று பெயரிட்டனர். சங்கிலி ஓரளவுக்கு மேல் நீளவில்லை. பிளாஸ்டிக் ஆகும் அளவுக்கு அது போதாது. ஆனாலும் சலவைப் பொருள்களுக்குத் தேவையான நீண்ட சங்கிலி ஆல்கஹால்களை இந்த வழியில் செய்யலாம் என்பது தெரிந்தது. பின்னாளில் அதுவே தனித் தொழிலாகவும் ஆனது. இந்த நிலையில், ஹோல்ட்ஸ்காம்ப் என்ற ஆய்வு மாணவர் செய்த சோதனை ஒன்றில் சங்கிலி நீளவே இல்லை. இரண்டே எத்திலீன் சேர்ந்த பியூட்டீன் மட்டும் கிடைத்தது. வழக்கமாகப் பார்த்தால் இது தோல்வியடைந்த சோதனை. கலனைக் கழுவிவிட்டு மறுநாள் திரும்பச் செய்து, சரியான முடிவு வந்ததும் பழையதை மறந்துவிடுவதுதான் காலக்கெடுவுக்குள் ஓடும் ஆய்வகங்களின் இயல்பு. மூல்ஹைமில் அப்படிச் செய்யாமல் காரணத்தைத் தேடினார்கள். முன்பு ஹைட்ரஜனேற்ற வினைக்குப் பயன்பட்ட அந்தக் கலனில் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிக்கல் ஒட்டியிருந்தது என்பதை இறுதியில் கண்டுபிடித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் உயிர்நாடி. நிக்கலின் சிறு துகளே சங்கிலியை அறுக்கிறது என்றால், வேறு உலோகங்கள் என்ன செய்யும் என்ற கேள்வி எழுந்தது. தனிம வரிசை அட்டவணையில் உள்ள உலோகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கரிம அலுமினியச் சேர்மத்தோடு சேர்த்துப் பார்க்கும் பொறுமையான வேலை தொடங்கியது. சில உலோகங்கள் நிக்கலைப் போலவே நடந்துகொண்டன, சில எதுவும் செய்யவில்லை. ப்ரைல் என்ற இளம் ஆய்வாளர் சிர்க்கோனியம் சேர்மத்தைப் போட்டபோது கலன் நிறைய வெள்ளைப் பொருள் திரண்டிருந்தது: கிளையில்லாத, நீண்ட, உறுதியான பாலிஎத்திலீன். டைட்டானியம் அதைவிட வேகமாக வேலை செய்தது. 1953 அக்டோபர் 26ஆம் நாள், ஹைன்ஸ் மார்ட்டின் என்பவர் உயர் அழுத்தக் கலனையே ஒதுக்கிவிட்டு, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில், சாதாரண அழுத்தத்தில் எத்திலீனைச் செலுத்தியே பிளாஸ்டிக்கை எடுத்துக் காட்டினார். ஆயிரம் வளிமண்டல அழுத்தம் கேட்ட வேலை, மூச்சுக்காற்றின் அழுத்தத்தில் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள் உற்பத்தியைத் தொடங்கிவிட்டன. 1963இல் சீக்லருக்கும், அதே வகை வினையூக்கியால் பாலிபுரொப்பிலீனை உருவாக்கிய இத்தாலியின் ஜூலியோ நட்டாவுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்பவர்கள் முதலில் எழுப்பும் மறுப்பு, இது அதிர்ஷ்டம் என்பது. கலனில் நிக்கல் ஒட்டியிருந்தது தற்செயல். தற்செயலை நம்பி எந்த அரசு பணம் போடும் என்று கேட்பார்கள். தற்செயல் நிகழ்ந்தது உண்மைதான். ஆனால் தற்செயல் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. போர்க்காலத்திலேயே பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் வேதியியலாளர் ஒருவர், அலுமினியத் தூள், அலுமினியம் குளோரைடு, டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆகியவற்றைச் சேர்த்து எத்திலீனை வினைபுரியச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். சீக்லரின் வெற்றிக்குத் தேவைப்பட்ட இரண்டு உலோகங்களும் அவர் கையில் இருந்தன. அந்த வழி மேலே தொடரப்படவில்லை. 1951இல் அமெரிக்காவின் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தில் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் வாயுக்களைப் பெட்ரோலாக மாற்ற முயன்றபோது குழாயை அடைத்துக்கொண்ட திடப்பொருளை எறிந்துவிடாமல் ஆராய்ந்தனர். குரோமியம் வினையூக்கி கிடைத்தது. 1970களில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சின், காமின்ஸ்கி இருவரின் குழு, வினையூக்கியைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் அஞ்சிய தண்ணீர் சிறிதளவு கலந்தபோது வேகம் கூடியதைக் கவனித்து, காரணத்தைத் துருவியது. மெத்தில் அலுமினாக்சேன் என்ற துணை வினையூக்கி வந்தது, அதிலிருந்து மெட்டலோசீன் வினையூக்கிகளின் புதிய காலமே பிறந்தது. ஒவ்வொன்றிலும் எதிர்பாராதது நிகழ்ந்தது. அதை அடையாளம் காணும் கண்ணும், நிறுத்தி ஆராயும் நேரமும் உள்ள இடத்தில் மட்டும் அது கண்டுபிடிப்பாயிற்று. அதிர்ஷ்டத்தைத் திட்டமிட முடியாது. அது வரும்போது விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆய்வகத்தை உருவாக்க முடியும். அரசு செய்ய வேண்டிய வேலையும் அதுவே.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: பயனை நோக்கிய ஆய்வும் தொழில்துறையும் சேர்ந்ததால்தானே பாலிபுரொப்பிலீன் வந்தது? மிலான் பாலிடெக்னிக்கில் பேராசிரியராக இருந்த நட்டா, மோன்டேகாட்டினி நிறுவனத்தின் ஆலோசகர். 1952இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் சீக்லரின் உரையைக் கேட்டு, அதன் மதிப்பை உடனே உணர்ந்து, நிறுவனத்தைச் சீக்லரோடு ஒப்பந்தம் செய்யவைத்தார். 1954 மார்ச்சில் அவருடைய ஆய்வகம் அதே வகை வினையூக்கியைப் புரொப்பிலீனில் பயன்படுத்தி வெற்றி கண்டது. சங்கிலியின் பக்கக் கிளைகள் யாவும் ஒரே திசையில் ஒழுங்காக அமைந்திருப்பதை நட்டா எக்ஸ் கதிர் ஆய்வால் நிறுவினார். 1957இலேயே ஃபெராராவில் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சீக்லர் இந்த இடத்தில் பின்தங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருவரின் உறவும் அதனால் கசந்தது. எனவே சுதந்திரம் மட்டும் எல்லாவற்றையும் தந்துவிடாது. பயனை நோக்கிக் கூர்மையாக நகரும் ஆய்வுக்கும் இடம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் நட்டாவின் வேகம் எங்கிருந்து வந்தது? எதற்குப் பயன்படும் என்று யாரும் கேட்காத 1930களிலேயே படிகங்களை எக்ஸ் கதிராலும் எலக்ட்ரான் கதிராலும் ஆராய்ந்து பழகியவர் அவர். பலபடி (பாலிமர்) வேதியியலின் முன்னோடி ஸ்டாடிங்கரை ஃபிரைபர்க்கில் சந்தித்ததும் அப்போதுதான். இரண்டு பேரிடமும் பல ஆண்டுகள் சேர்ந்த அறிவு இருந்தது. கடைசி ஓட்டத்தில் தொழில்துறை பணம் போட்டது. முதல் நெடும்பயணத்துக்குப் பணம் போட்டவை பல்கலைக்கழகங்களும் பொது நிறுவனங்களும். நெடும்பயணத்தை நிறுத்திவிட்டுக் கடைசி ஓட்டத்துக்கு மட்டும் நிதி கொடுத்தால் ஓடுவதற்கு ஆள் இருக்காது.

மூன்றாவதாக, வெற்றி பெற்றவரின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வாதிடுவது நியாயமா என்று கேட்கலாம். சுதந்திரம் கிடைத்தும் ஒன்றும் தராமல் ஓய்வுபெற்றவர்கள் எத்தனை பேர்? கேள்வி நேர்மையானது. பலர் அப்படி இருந்திருப்பார்கள். ஆனால் இந்தக் கணக்கைத் தனிநபர் வாரியாகப் போடக் கூடாது. நிறுவனத்தை மொத்தமாக எடுத்துப் போட வேண்டும். சீக்லரின் காப்புரிமைகளிலிருந்து வந்த வருமானம் அந்த நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தாங்கியது. தன் எழுபதாவது பிறந்தநாளையொட்டி அவர் ஏறக்குறைய 4 கோடி ஜெர்மன் மார்க் கொண்ட ஆய்வு நிதியத்தையும் நிறுவனத்துக்காக ஏற்படுத்தினார். உயர் அழுத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறையை அங்கே குர்ட் சோசெல் கண்டார். காபிக் கொட்டையிலிருந்து காஃபீனை நீக்குவதற்கு அது இன்று பயன்படுகிறது. நிக்கல் காட்டிய விந்தையை ஆழமாகத் தொடர்ந்த குந்தர் வில்கே, சீக்லருக்குப் பின் இயக்குநரானார். 2021இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெஞ்சமின் லிஸ்ட் அதே நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். பொறுப்பில்லாத சுதந்திரத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. ஆய்வாளரின் கேள்வி ஆழமானதா, சோதனைகள் நம்பகமானவையா, அவரிடம் பயின்ற மாணவர்கள் திறமையோடு வெளியேறுகிறார்களா என்று துறை அறிந்தவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கண்டிப்போடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்ன கண்டுபிடிப்பாய் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவதுதான் தவறு.

நான்காவது மறுப்பு நம் மனசாட்சியைத் தொடுவது. இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடத்தான் வேண்டுமா? 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் ஏறக்குறைய 830 கோடி டன் என்றும், கழிவாகிப் போனதில் 9 சதவீதம் மட்டுமே மறுசுழற்சிக்கு வந்தது என்றும் 2017இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. நம் ஆறுகளிலும் கண்மாய்களிலும் சேர்ந்து கிடப்பவற்றில் சீக்லர், நட்டா இருவரின் பொருள்களும் அடங்கும். கார்பனும் கார்பனும் சேர்ந்த நேர்ச்சங்கிலி எளிதில் அறுவதில்லை; குடத்துக்கு அது தந்த உறுதியே குப்பைக்கு நீண்ட ஆயுளையும் தந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தடை விதித்தது சரியான முடிவு. அதை இன்னும் உறுதியாக நிறைவேற்ற வேண்டும். பொருளைக் கண்டவரை விட, அதை வரம்பின்றித் தயாரித்துவிட்டு, பயன்பாட்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்காத தொழில்முறைக்கும் அரசுகளுக்குமே பெரும் பொறுப்பு உண்டு. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை என்ன செய்வது என்ற கேள்விக்கோ சட்டம் மட்டும் விடை தராது. வினையூக்க வேதியியலும் வேண்டும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாதவை, அதனால் கலந்த கழிவை உருக்கினாலும் அது உறுதி பெறாது. இரண்டையும் ஒட்டவைக்கும் புதிய பலபடியை கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோட்ஸ் குழுவும் கூட்டாளிகளும் 2017இல் உருவாக்கினர். பாலிஎத்திலீன் சங்கிலியை வெட்டிப் புரொப்பிலீனாக மாற்றும் வழியை பெர்க்லியில் ஜான் ஹார்ட்விக் குழு 2022இல் காட்டியது. இந்தச் சோதனைகள் தொழிற்சாலை அளவுக்கு வர இன்னும் தொலைவு உண்டு. ஆனால் கோட்ஸ் இருபது ஆண்டுகள் பலபடி வினையூக்கிகளோடு உழன்றவர்; ஹார்ட்விக் பயன்படுத்திய மெட்டாதிசிஸ் வினையின் இயங்குமுறையை பிரான்சின் ஷோவான் 1971இல் விளக்கினார், அதற்கான வினையூக்கிகளை ஷ்ராக், கிரப்ஸ் இருவரும் பல ஆண்டுகள் செதுக்கி, மூவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். நோயை உண்டாக்கிய துறை என்று வேதியியலை ஒதுக்கினால் மருந்தையும் சேர்த்தே இழப்போம்.

ஏழைகள் நிறைந்த நாட்டில் உடனடிப் பயன் தரும் ஆய்வுக்கே முன்னுரிமை வேண்டும் என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம். சீக்லரின் அலுமினிய ஆய்வுகள் நடந்தது வளம் கொழித்த நாட்டில் இல்லை. குண்டுவீச்சில் நகரங்கள் இடிந்து, அந்நியப் படைகளின் ஆளுகையில் இருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த ரூர் பகுதியில் நடந்தது. செல்வம் வந்த பிறகு அடிப்படை ஆய்வு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஆய்வுதான் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டுவந்தது. மேலும், உடனடிப் பயன் தரும் ஆய்வு என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை, வேறு யாரோ கண்டதைச் சற்று மாற்றிச் செய்வதாகவே முடிகின்றன. வினையூக்கி தொழில்நுட்பத்துக்கும் உற்பத்தி முறைகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் செலுத்தும் நிலை அதன் விளைவே. இந்தியர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லவும் வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பலபடியாக்க வினைகளின் வேகத்தை ஆராய்ந்த எம். சாந்தப்பா ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார். பின்னர் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும், அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாகப் பலபடி அறிவியலில் மதிக்கத்தக்க பணி செய்துவருகிறது. விதை நம்மிடம் இருக்கிறது, காலம்தான் கொடுக்கப்படவில்லை.

இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவிடுவது 0.64 சதவீதம் மட்டுமே. 2023இல் சட்டம் இயற்றி அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளையை மத்திய அரசு அமைத்தது வரவேற்கத்தக்கது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தாலும், அதில் பெரும் பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே கணக்கு. 2025இல் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு, மேம்பாடு, புத்தாக்கத் திட்டமும் பெரிய அறிவிப்புதான். ஆனால் அந்தப் பணம் தனியார் துறைக்கானது. ஆய்வகத்தில் ஓரளவு நிரூபணமாகி, சந்தையை நோக்கி நகரும் கட்டத்தில் உள்ள தொழில்நுட்பங்களுக்கானது. மோன்டேகாட்டினி நின்ற இடத்துக்கு நாம் தாராளமாக நிதி ஒதுக்கிவிட்டோம். மார்பர்க்கிலும் ஹைடல்பர்க்கிலும் சீக்லர் நின்ற இடத்துக்கு யார் பணம் கொடுப்பது? இன்று தொடக்க நிலை ஆய்வாளர் ஒருவர் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் திட்டம் எழுதுகிறார். கருவி வாங்கும் நடைமுறைகளிலும், தவணைத் தொகைக்குக் காத்திருப்பதிலும் அதில் கணிசமான காலம் கரைந்துவிடும். மூன்றாவது ஆண்டில் அடுத்த திட்டத்தை எழுதத் தொடங்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு கலனில் எதிர்பாராத பியூட்டீன் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிற்க அவருக்கு நேரம் கொடுக்காதது நாம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை, செலவு அதிகம் பிடிக்காதவை. தேசிய ஆய்வு நிதியில் ஒரு பகுதியைத் திட்டங்களுக்கு ஒதுக்காமல், கடுமையாகத் தேர்ந்தெடுத்த ஆய்வாளர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை நேரடியாகக் கொடுக்க வேண்டும். சீக்லர் கேட்டு வாங்கியதைப் போன்ற, நடுவில் தலைப்பை மாற்றிக்கொள்ளும் உரிமையை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். எதிர்பாராத முடிவுகளைத் தொடர்ந்து ஆராய, புதிய விண்ணப்பம் கேட்காமல் சிறு தொகையை ஆய்வகத் தலைவரே செலவிட இடம் தர வேண்டும். காற்றுப்படாமல் வேதிப்பொருளைக் கையாளும் கைத்திறன், கண்ணாடி ஊதும் கலை, கருவிகளைப் பழுதின்றிப் பேணும் அறிவு ஆகியவை ஒப்பந்த ஊழியர்களை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவதால் அழிகின்றன. அந்தப் பணிகளை நிரந்தரமாக்க வேண்டும். இந்த நிதி ஐ.ஐ.டி.களோடும் தேசிய ஆய்வகங்களோடும் நின்றுவிடாமல், பெரும்பான்மை மாணவர்கள் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் வர வேண்டும். தமிழ்நாடு அரசு தன் பல்கலைக்கழகங்களில் சிறிய அளவிலேனும் இதைத் தொடங்கிக் காட்டலாம். காலக்கெடுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாலம் கட்டுவதற்கும் தடுப்பூசியைத் தயாரித்து விநியோகிப்பதற்கும் காலக்கெடு வேண்டும், ஏனென்றால் அவற்றை எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியும். இன்னும் தெரியாததைத் தேடும் வேலைக்கு அதே அளவுகோலை வைத்தால், ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் திரும்பச் செய்து காட்டும் ஆய்வாளர்களே நமக்கு மிஞ்சுவார்கள். பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் வினையூக்கியும், கார்பன் டை ஆக்சைடைப் பயனுள்ள பொருளாக்கும் வினையூக்கியும் இந்த நூற்றாண்டின் தேவைகள். அவற்றை நம் ஆய்வகங்களிலும் காண வேண்டுமானால், இன்று முப்பது வயதில் இருக்கும் ஆய்வாளரை அவருடைய ஐம்பதாவது வயது வரை நம்பி ஆதரிக்கும் துணிவு அரசுகளுக்கு வேண்டும்.